ஒரு ரேகை, இரண்டு பெயர்

செப்டம்பர் 4, புதன்

காலை மதகில் தண்ணீர் மூன்று அடி ஐந்து அங்குலம்.

இதைச் சொல்வது நான், எழுதுவது என் மனைவி தையல்நாயகி. எனக்கு எழுத்து வராது. எண்ணைப் பார்த்தால் தெரியும்; எழுதச் சொன்னால் கை போகாது. முப்பத்து மூன்று வருடம் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தேன். வாய்க்கால் மதகைத் திறப்பது, அடைப்பது, காலையும் மாலையும் அளவுகோலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது, இதுதான் வேலை. பார்ப்பது நான், ஏற்றுவது அவள். ஆபீசுக்கு அது தெரியாது. ஓய்வு பெற்று இருபது வருடமாகியும் விடிந்தால் கால் மதகுக்குத்தான் போகிறது. மிஞ்சிப்போன நாலு பதிவேடு வீட்டில் கிடந்தது. அதில் ஒன்றில்தான் இதை எழுதுகிறோம்.

எழுதி வைக்கச் சொன்னது இ-சேவை மையத்துப் பர்வீன். "எந்தத் தேதியில எந்த ஆபீஸ்ல யாரு என்ன சொன்னாங்கன்னு குறிச்சு வச்சுக்குங்க தாத்தா. இன்னிக்கு ஒருத்தர் சொன்னதை நாளைக்கு இன்னொருத்தர் இல்லம்பாரு" என்றாள்.

விஷயம் இதுதான். தையலுக்குச் சர்க்கரை. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. டவுன் கண் ஆஸ்பத்திரி டாக்டர் ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். "தீபாவளிக்குள்ள பண்ணிடணும் பெரியவரே. தள்ளினா ரெண்டு கண்ணும் திரும்பாது." பென்ஷன்காரர் காப்பீட்டு அட்டையைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த பெண், அட்டை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, கருவூலத்தில் போய்க் கேளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தாள்.

எழுதி முடித்ததும் வரி கோணலாகப் போகிறதா என்று தையலு கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 6, வெள்ளி

மூன்று அடி நாலு அங்குலம்.

கருவூலத்துக்குப் போனோம். பதினொரு மணிக்கு வந்த கிளார்க் ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார்.

"பென்ஷன் உலகநாதன் பேர்ல வருது. ஆதார் நம்பர் பக்கிரிசாமின்னு காட்டுது. பொறந்த வருஷமும் மூணு வருஷம் இடிக்குது. நீங்க யாரு?"

"அந்த நம்பர் நான் குடுத்ததுதான். பத்து வருஷத்துக்கு முன்னாடி இங்கதான் வாங்கிக்கிட்டாங்க."

"அப்ப நம்பரை மட்டும் ஏத்தினாங்க. பேரு ஒத்துப்போவுதான்னு பார்க்கிற வசதி கிடையாது. இப்ப எல்லா ஆபீசு கணக்கையும் ஒண்ணோட ஒண்ணு இணைச்சுட்டாங்க. ரேஷன் ஒரு பக்கம், பென்ஷன் ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்னு இருந்தது போயி, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசுது."

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு அறை கிளார்க் பக்கத்து அறைக்கு எழுந்து போய்ப் பேசமாட்டார். ஒரு பேப்பர் மேசையிலிருந்து மேசைக்குப் போக ஒரு போகம் விளைந்து அறுப்பு முடிந்துவிடும். இப்போது என் விஷயத்தில் மட்டும் எல்லா ஆபீசும் கூடிப் பேசுகின்றனவாம்.

பெயரில் ஏதோ தப்பு விழுந்திருக்கிறது. யார் செய்தார்களோ.

இந்த இடத்தில் தையலு பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுது என்றேன். எழுதினாள்.

செப்டம்பர் 9, திங்கள்

பென்ஷன் அட்டை ஆகாது என்றால் ரேஷன் கார்டை வைத்து ஏழைகளுக்கான காப்பீடு வாங்கலாமே என்று பர்வீனிடம் போனோம். ரேஷன் கார்டில் நான் பக்கிரிசாமி, அவள் பக்கிரிசாமி மனைவி. அங்கே சிக்கல் இல்லை என்று நினைத்தேன்.

பர்வீன் தட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். "இந்த விலாசத்துல உலகநாதன்னு ஒரு பென்ஷன்காரர் இருக்காராம் தாத்தா. பென்ஷன்காரர் இருக்கிற வீட்டுக்கு இந்தத் திட்டம் கிடையாது."

"அந்தப் பென்ஷன்காரருக்குத்தான் அட்டை கிடையாதுங்கிறாங்களே."

"அது கருவூலம். இது வேற."

"ரெண்டும் பேசிக்குதுன்னாங்க?"

"பேசுது. நமக்கு ஆகாததை மட்டும் பேசுது" என்றாள்.

அங்கே போனால் நான் உலகநாதன் இல்லை. இங்கே வந்தால் நான் உலகநாதன். திரும்பும் வழியில் தையலு பஸ் படியைத் தவறவிட்டாள். கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்று அடி இரண்டு. எழுத ஒன்றுமில்லை.

(நிறைய இருக்கிறது. சொல்லமாட்டேன் என்கிறார். - தை.)

செப்டம்பர் 16, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் மனு நாள். தையலு தன் கையால் மனு எழுதினாள். ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முன்பெல்லாம் நான் மதகிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் பதிவேட்டை எழுதி மூடிவிடுவாள்.

வரிசையில் நாலு மணி நேரம் நின்றோம். மனுவை வாங்கி நம்பர் போட்டுச் சீட்டுக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

போனில் செய்தி வந்தது. தையலுக்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம் காட்டினோம். அவர் வாசித்தார்: "தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது. உரிய அலுவலகத்தை அணுகவும்."

உரிய அலுவலகம் எது என்று அதில் இல்லை.

செப்டம்பர் 23, திங்கள்

காலையில் மதகிலிருந்து வந்தபோது வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசிலிருந்து வந்த சரிபார்ப்பு அதிகாரி, பெயர் ஜெயசீலன். நாற்பது வயதிருக்கும். கையில் பலகை மாதிரி பெரிய போன். எங்கள் பகுதியில் முந்நூறு வீடு கணக்கில் இடிக்கிறதாம். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறாராம்.

மோர் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "இந்த வீட்டுல ரெண்டு ஆம்பளை காட்டுது ஐயா. உலகநாதன், பக்கிரிசாமி. அதுல நீங்க யாரு?"

"பக்கிரிசாமி."

"உலகநாதன்?"

"என் அண்ணன்."

"அவரு எங்க?"

என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "வேதாரண்யம் பக்கம் ஒரு காரியத்துக்குப் போயிருக்காரு" என்றேன்.

"அப்ப ரெண்டு பேரு இருக்கீங்க. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே ஆதார், ஒரே ரேகை. நம்பரை யாரோ மாத்தி ஏத்தியிருப்பாங்க." அவருக்கு நிம்மதியாக இருந்தது போலிருக்கிறது. இது அவர் போனில் இருக்கிற கட்டத்துக்குள் அடங்குகிற தப்பு. "அண்ணன் வந்ததும் அவரை நேர்ல பார்த்து ரேகை வாங்கிட்டா முடிஞ்சது. எப்ப வருவாரு?"

"ரெண்டு வாரம் ஆவும்."

போனைப் பார்த்தபடியே, "அம்மா, இன்னொண்ணு. பென்ஷன் கணக்குல நீங்க உலகநாதன் மனைவி. ரேஷன்ல பக்கிரிசாமி மனைவி. எது சரி?" என்று கேட்டார்.

தையலு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவர் போன பிறகு வெளியே வந்தாள். "அம்பது வருஷம் ஒருத்தரோட குடும்பம் நடத்தினேன். சர்க்காரு காகிதத்துல எனக்கு ரெண்டு புருஷன். முன்னபின்ன தெரியாத ஆளு என் வாசல்ல உக்காந்துக்கிட்டு எது சரின்னு கேக்குறாரு."

"சும்மா கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க? அண்ணன் வேதாரண்யம் போயிருக்காரா? என்ன வாங்கப் போயிருக்காரு, உப்பா?"

செப்டம்பர் 24, செவ்வாய்

(இன்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இடது கண்ணில் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது. - தை.)

செப்டம்பர் 29, ஞாயிறு

மூன்று அடி மூன்று அங்குலம். மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. தண்ணீர் கலங்கி வருகிறது.

நடந்ததைச் சொன்னால்தான் இனி எழுதுவேன் என்று தையலு பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். காகிதத்தில் வரவேண்டுமாம்.

உலகநாதன் என் அண்ணன். மூன்று வயது மூத்தவன். எட்டாவது வரை படித்தான். எங்கள் வீட்டில் படித்தவன் அவன் ஒருவன்தான். நான் மாடு மேய்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று, ஆவணி மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. விடிகிற நேரத்தில் வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போனவனை வரப்பில் பாம்பு கடித்தது. நுரை தள்ளிய வாயோடு தூக்கி வந்தோம். அவன் இடுப்பில் கட்டியிருந்தது பச்சைக்கரை வேட்டி. மூங்கில் பாலத்துக்குக் கிட்டே வரும்போது மூச்சு நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் கருமாதி. பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். வேலைவாய்ப்பு ஆபீசில் அண்ணன் பதிந்து வைத்திருந்தான். பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலைக்கு நேரில் வரச் சொல்லி அவன் பெயருக்குக் கார்டு. எங்கள் அப்பா அதை மடியில் கட்டிக்கொண்டார். இறப்பைக் கணக்கில் ஏற்றவேண்டிய மணியக்காரரிடம் அதற்கப்புறம் யாரும் போகவில்லை. ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ போ. அவன் பேரையாவது காப்பாத்து" என்றார்.

அண்ணன் நோட்டுப் புத்தக அட்டையில் அவன் பெயர் இருந்தது. அதைப் பார்த்துக் குச்சியால் வாய்க்கால் சேற்றில் எழுதிப் பழகினேன். ஆறு நாள். எனக்கு அது எழுத்தாகத் தெரியாது. கோலம் போடுகிற மாதிரி எங்கே வளைக்கணும், எங்கே சுழிக்கணும் என்று கைக்குப் பழக்கினேன். இன்றைக்கும் எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நாற்பது மைல் தள்ளி இந்த ஊர் மதகில் போட்டார்கள். இங்கே யாருக்கும் என் பெயர் தேவைப்படவில்லை, லஸ்கர் என்றே கூப்பிட்டார்கள். ரேஷன் கார்டு மட்டும் பழைய ஊர்க் கார்டிலிருந்து மாற்றி வாங்கியது, அதில் உள்ளபடி பக்கிரிசாமி. ஆதாருக்கு ரேஷன் கார்டைக் காட்டினேன். அதனால் அதுவும் அப்படியே. அண்ணன் வயசுக் கணக்கில் மூன்று வருடம் முன்னாலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதையும் வாயைத் திறந்து கேட்க முடியவில்லை.

இதுதான் நடந்தது. இதற்கு மேல் ஒன்றுமில்லை.

(இருக்கிறது. - தை.)

அக்டோபர் 3, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் காப்பீடு வரலியா?" என்றார். இடது கண்ணிலும் கசிவு கூடியிருக்கிறதாம்.

வரும்போது பர்வீன் கடையில் உட்கார்ந்தோம். தையலு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பர்வீன் கடைசிவரை கேட்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் ஊருக்குப் போன இடத்துல போன வாரம் தவறிட்டாருன்னு ஒரு சான்று வாங்கிடுங்க. பென்ஷன் கணக்குல இந்தம்மாதானே அவரு மனைவி? குடும்பப் பென்ஷன் இவங்களுக்கு வரும். அட்டையும் இவங்க பேர்ல திறந்துடும். ஆபரேஷன் முடிஞ்சுடும். நீங்க பாட்டுக்குப் பக்கிரிசாமியா இருங்க. எல்லா ஆபீசுக்கும் கணக்கு நேராயிடும்."

யோசித்தால் நல்ல யோசனை. ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. நான் தையலைப் பார்த்தேன்.

"அதுக்கு நான் என்ன எழுதிக் குடுக்கணும்?" என்றாள் அவள்.

"உலகநாதன் விதவைன்னு ஒரு கையெழுத்து."

தையலு எழுந்துவிட்டாள். "இவரு பக்கத்துல உக்காந்திருக்கும்போது நான் தாலியறுத்தவள்னு கையெழுத்துப் போடணுமா? அதுவும் நான் மூஞ்சிகூடப் பார்க்காத மனுஷனுக்கு?"

"காகிதத்துலதானேம்மா."

"காகிதத்துல எழுதினா அது எழுதினதுதான். இந்த ஊரு மதகுல வந்த தண்ணிய முப்பது வருஷம் நான் காகிதத்துல எழுதியிருக்கேன். தூக்கம் கலையாம ரெண்டு அங்குலம் கூடப் போட்டிருக்கலாம். போட்டதில்ல. கண்ணு போனாப் போவட்டும்."

பஸ்ஸில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கருவூலத்தின் மேல், கலெக்டர் ஆபீசின் மேல், பர்வீன் மேல், இவள் பிடிவாதத்தின் மேல். மதகுச் சக்கரம் இறுகிக்கொண்டால் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருப்புவேன். இவர்களை எதை விட்டுத் திருப்புவது?

அக்டோபர் 5, சனி

"உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா பென்ஷன் நின்னுடும். கேஸ் போடுவாங்க."

"அதுக்கா பயப்படுறீங்க?"

மதகுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். மாலை அளவு பார்க்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

மூன்று அடி இரண்டு அங்குலம்.

நாளைக்கு அதிகாரி வருகிற நாள். மீதியையும் சொல்கிறேன். இதை அவளிடம்கூட ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குத் தண்ணீர் முறை என்னுடையது. எங்கள் வாய்க்காலில் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை நாழிகை என்று முறை. வியாழக்கிழமை விடியல் எங்கள் வீட்டு முறை. அதற்கு எப்போதும் நான்தான் போவேன். முதல் நாள் பக்கத்து ஊரில் நாடகம் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். அண்ணன் எழுப்பினான். காதில் விழுந்தது. விழாத மாதிரி கிடந்தேன். "சரி, தூங்குறா" என்று சொல்லி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் கால் வாசல்படியை விட்டு இறங்கியதுவரை எனக்குக் கேட்டது.

கருவூலத்தில் வருடத்துக்கு ஒருதரம் நேர்காணல். உலகநாதன் உயிரோடு இருக்கிறார் என்று கையெழுத்துப் போடவேண்டும். இருபது தடவை போட்டிருக்கிறேன். அந்த நாளைக்கு நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். எதற்கு என்று தையலு கேட்டதில்லை.

இதை எழுதும்போது மேல் வரியின் மேலேயே அடுத்த வரியையும் எழுதிவிட்டாளாம். யாராவது படிக்க முடியுமா தெரியவில்லை. படிக்காவிட்டாலும் சரி.

அக்டோபர் 8, செவ்வாய்

மூன்று அடி இரண்டு அங்குலம்.

பத்து மணிக்கு ஜெயசீலன் வந்தார். "அண்ணன் வந்துட்டாரா?" என்றார்.

"வரமாட்டாரு. செத்துட்டாரு."

அவர் முகம் வாடிவிட்டது. "அடடா. எப்ப?"

"எழுபத்தொண்ணு. ஆவணி மூணு."

கையிலிருந்த மோரைக் கீழே வைத்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். இந்தப் பதிவேட்டைத் தையலு அவர் கையில் கொடுத்தாள். பின்னாலிருந்து முன்னாலே புரட்டினார். பரணிலிருந்த பழைய பதிவேடு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த மதகோட பழைய அளவெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க ஐயா. போன வருஷம் நான்தான் சரிபார்த்தேன். மத்த மதகுல எல்லாம் அடிச்சுத் திருத்தி, பக்கம் பக்கமா ஒரே எண்ணு. இங்க மட்டும் ஒரு அடித்தல் கிடையாது. யாரு இந்த லஸ்கர்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டோம்."

"நான் சொன்னேன். இவ எழுதினா."

"பேரு மட்டும் பொய்" என்றார். திட்டுகிற மாதிரி இல்லை. கணக்குப் பார்க்கிற மாதிரி சொன்னார்.

பிறகு போனைத் திறந்தார். "உங்க விஷயத்துக்கு இதுல கட்டம் இல்ல. பேரு பிழை, ரெட்டைப் பதிவு, இறப்பு, இந்த மூணுதான் இருக்கு. அண்ணன் படிச்சாரு, தம்பி வேலை பார்த்தாருன்னு ஒரு கட்டம் யாரும் போட்டு வைக்கல."

"எதைப் போட்டா இவளுக்குக் கண்ணு கிடைக்கும்?"

யோசித்தார். "இறப்புன்னு போட்டா உலகநாதன் கணக்கு முழுக்க மூடிடும். பென்ஷன், அட்டை எல்லாம். அப்புறம் இந்த வீட்டுல பென்ஷன்காரரே இல்ல. பக்கிரிசாமி மனைவின்னு ஏழைகள் காப்பீடு இவங்களுக்குத் திறக்கும். ஆனா தேதியை எழுபத்தொண்ணுன்னு போட்டா, இத்தனை வருஷம் சம்பளமும் பென்ஷனும் வாங்கினது யாருன்னு விசாரணை வரும். அதை நான் நிறுத்த முடியாது. போன வாரம்னு போட்டா வராது." இதைச் சொல்லும்போது அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

தையலு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள தேதியையே போடுங்க" என்றேன்.

வாக்குமூலத்தை அவரே எழுதி வாசித்துக் காட்டினார். என் அண்ணன் உலகநாதன் இன்ன தேதியில் பாம்பு கடித்து இறந்தார், அவர் பெயரில் வேலை பார்த்தது தம்பியாகிய நான். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, யாரு செத்துட்டாருன்னு சொல்றீங்களோ, அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

எனக்கு வேறு எழுதத் தெரியாதே. ஐம்பத்து மூன்று வருடம் பேனாவைத் தொட்டால் கை அதைத்தான் எழுதும். தையலு சிரித்துவிட்டாள். ஒரு மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்புறம் அதே சிரிப்பில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜெயசீலன் புதுக் காகிதம் எடுத்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். மைப்பெட்டியைத் திறந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மையில் ரேகை வைத்ததில்லை, படித்தவன் என்று பெயராயிற்றே. கட்டை விரலைப் பிடித்து அவர்தான் உருட்டி வைத்தார்.

முதல் காகிதத்தைக் கிழிக்கப் போனார். கொடுங்கள் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

காலையில் கருவூலத்திலிருந்து போன்: பென்ஷன் நிறுத்தம். மத்தியானம் பாங்கியிலிருந்து. சாயங்காலம் பர்வீன்: "தாத்தா, திட்டம் திறந்துடுச்சு. அம்மா பேரு வந்துடுச்சு." ஐம்பத்து மூன்று வருடம் ஒருத்தருக்கும் தெரியாத சாவு இரண்டு நாளில் எல்லா ஆபீசுக்கும் தெரிந்துவிட்டது.

விசாரணைக் கடிதம் தனியாக வருமாம். வரட்டும். ஆபரேஷன் பதினேழாம் தேதி.

அக்டோபர் 11, வெள்ளி

தெற்கே பார்த்து உட்கார்ந்து அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். கருமாதியன்று அந்தக் கார்டு வந்ததில் பாதியில் நின்றது.

அக்டோபர் 15, செவ்வாய்

மூன்று அடி ஒன்று.

இனி எழுத முடியாது என்கிறாள் தையலு. இடது கண்ணில் இருட்டு இறங்கிவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஒன்றாக ஐந்து நாளுக்குத் தேதியைப் பூசணிக்காய் அளவு எழுத்தில் எழுதி வைத்தாள். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அளவுகோல்ல பார்க்கிற எண்ணை அப்படியே வரைஞ்சு வைங்க. விட்டுடாதீங்க" என்றாள்.

எழுத வராது என்றேன்.

"பேரையே வரைஞ்சீங்க. எண்ணு வராதா?"

அக்டோபர் 16, புதன்

3.1

3.1

அக்டோபர் 17, வியாழன்

3.0

அக்டோபர் 18, வெள்ளி

அக்டோபர் 19, சனி

3.2

3.3

அக்டோபர் 20, ஞாயிறு

3.4

3.4

நவம்பர் 10, ஞாயிறு

மூன்று அடி ஆறு அங்குலம். வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது.

இதை எழுதுவது மறுபடி தையலு, சொல்வது நான். இடது கண் வந்துவிட்டது. வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இன்னும் முன்னால் வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். எத்தனை நாள் முன்னால் என்று நான் கேட்கவில்லை. செப்டம்பர் நாலிலிருந்து எந்தெந்த நாள் எந்தெந்த ஆபீசில் நின்றோம் என்பது இந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது. வேதாரண்யம் என்று சொல்லி நான் வாங்கிய இரண்டு வாரமும் இருக்கிறது.

விசாரணைக்கு இருபத்தைந்தாம் தேதி வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. யாரோ "திரு. பக்கிரிசாமி" என்று மேலே எழுதியிருக்கிறார்களாம். சர்க்கார் எனக்குப் போட்ட முதல் கடிதம்.

இன்று காலை வெயில் வந்ததும் தையலு வாசல் பக்கம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். நான் வரைந்த பக்கங்கள்.

"இந்த மூணு ஏன் குப்புற விழுந்து கிடக்கு?"

"கோல்ல அப்படித்தான் தெரிஞ்சுது."

"பதினேழு சாயங்காலம் எங்க? பதினெட்டு ரெண்டும் எங்க?"

"ஆஸ்பத்திரியில உன்கிட்டதானே இருந்தேன்."

"காலியா விடக்கூடாது. ஏன் அளவு இல்லைன்னு எழுதணும். எத்தனை வருஷம் சொல்லியிருக்கேன்."

பேனாவை வாங்கி இரண்டு இடத்திலும் ஏதோ எழுதினாள். பழைய பதிவேடுகளில் நான் லீவு போட்ட நாளெல்லாம் அவள் எழுதுகிற வரி எனக்குப் பார்த்துப் பழக்கம், "லஸ்கர் உலகநாதன், விடுப்பு." வாசிக்கத் தெரியாவிட்டாலும் நடுவில் வரும் அந்தப் பெயரின் வளைவும் சுழிப்பும் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இன்றைக்கு அந்த இடத்தில் அது இல்லை. வேறு என்னமோ இருந்தது.

"என்ன எழுதின? வாசி" என்றேன்.

வாசித்தாள். "லஸ்கர் பக்கிரிசாமி, விடுப்பு."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.